செருப்புக்குக் காவல்

துப்பறியும் நாவல்களில் வருகிற நிபுணருக்கு டெலிபோன் இருக்கும், சுழல் நாற்காலி இருக்கும், கட்சிக்காரர் வந்தால் புன்னகையோடு கதவைத் திறந்துவிட ஒரு காரியதரிசிப் பெண்ணும் இருப்பாள். ஷரஃபுதீனுக்கு இருந்ததெல்லாம் கீழே ஒரு கரி டிப்போ. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், அந்தக் கரி டிப்போவுக்கு மேல் மாடியில் ஒரு போர்டு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு முருகையன். நாற்காலிகளில் ஒன்று கட்சிக்காரருக்கு என்பதால், உதவியாளனான முருகையன் ஜன்னல் கட்டையில்தான் உட்காருவான். அங்கிருந்து பேசினால் தெருவுக்கும் கேட்கும் என்பது அவனுக்கு உபரி லாபம்.

சுதந்திரம் வந்து இரண்டாவது வைகாசி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் படியேறி வந்த மனிதரைப் பார்த்து முருகையன் பேச்சை நிறுத்தினான். அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சில்க் ஜிப்பா, தங்கப் பொத்தான், கறுப்பு பூட்ஸ், மல் வேட்டி. அந்த மாடிப்படி எந்த வேட்டியையும் கரி பூசாமல் அனுப்பியதில்லை. இவர் நாற்காலியைத் தேடித் திரும்பியபோது வேட்டியின் பின்னோரத்தில் கரியோடு செம்மண்ணும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது தெரிந்தது. பட்டணம் இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை செய்திருக்கிறது என்று முருகையன் நினைத்துக்கொண்டான். ஆனால் அவன் வாயை அடைத்தது வேட்டியல்ல. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது, ஒரு ஜோடிப் பெண் செருப்பு.

பெயர் கணேசமூர்த்தி என்றார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பினாங்கில் ஜவுளிக்கடை. ‘மெல்வினா’ என்ற உல்லாசக் கப்பலில் மனைவியோடு வந்திருக்கிறார். பினாங்கில் கிளம்பி, சென்னை, கொழும்பு, பம்பாய் என்று கரையோரமாக ஊருக்கு ஒரு பகல் நின்று, வந்த வழியே திரும்புகிற கப்பல். கப்பல்காரர்களே கார் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். காலையில் சாந்தோம் கடற்கரை, அப்புறம் தியாகராய நகரில் பட்டுக்கடை, அப்புறம் கபாலி கோயில், கடைசியில் அடையாறு ஆலமரம், பொழுது சாய்வதற்குள் துறைமுகம். இதில் கபாலி கோயில் வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது.

கணேசமூர்த்தி கோயிலுக்குள் போகிற வழக்கமில்லையாம். ஜப்பான் சண்டைக் காலத்தில் விட்டது. கோபுர வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மனைவி தங்கம் தேங்காய், பூ, பழப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை அவர் காலடியில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

“பாத்துக்கிடுங்கன்னா. பாத்துக்கிட்டேன்.”

“எதுவரைக்கும் சார்?” என்று கேட்டான் முருகையன்.

“நடை சாத்துற வரைக்கும். சாத்தின பொறவும்.”

செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கவேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட சாஸ்திரம். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தி, கோயில் காவல்காரர் உள்ளே ஈ காக்கை இல்லை என்று அடித்துச் சொன்ன பிறகும் இந்த மனிதர் நின்றிருக்கிறார். அவ்வழியே வந்த போலீஸ்காரரிடம் சொன்னதற்கு அவர் செருப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். முருகையனுக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்திருப்பாரோ என்னவோ, அவள் செருப்பை மட்டும் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார்.

ஷரஃபுதீன் செருப்பைக் கையில் வாங்கிப் புரட்டினார். பினாங்குச் சீனப் பெண்கள் கண்ணாடி மணி கோத்துத் தைக்கிற மணிச்செருப்பு. ரோஜாவும் கிளியுமாகப் பளபளவென்று இருந்தது.

“அம்மாவுக்கு இந்த ஊர் பழக்கமா?”

“தம்பி கல்யாணத்துக்குன்னு வந்தா. சண்டை வந்துட்டு. கப்பலெல்லாம் நின்னுபோச்சு. நான் அங்க, அவ இங்க. நாலு வருசம்.”

“நாலு வருஷமும் எங்கே இருந்தாங்க?”

“கேட்டுக்கிடலை.”

அதைச் சொன்ன விதத்தில் முருகையன் ஒரு முடிவுக்கு வந்தான். கல். பூட்ஸ் போட்ட கல். ஆனால் கல் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பியது.

“பொழுது சாயக் கப்பல் கெளம்பிரும். அதுக்குள்ள அவளைக் கொண்டாந்து விட்டிருங்க. எங்க இருந்தா, எதுக்குப் போனான்னு எனக்குத் தாக்கல் சொல்ல வேண்டாம். ஆளு வந்தாப் போதும்.”

அவர் கோபுர வாசலுக்கே திரும்பிப் போன பிறகு, முருகையன் செருப்பைச் செய்தித்தாளில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். “பாத்தியா பாய், பினாங்கு வரைக்கும் நம்ம பேரு போய்க்கீது” என்றான்.

“கீழே கரி டிப்போ பேரே தெருமுனையைத் தாண்டலை” என்றார் ஷரஃபுதீன். ஆனால் அவர் யோசனை வேறெங்கோ இருந்தது.

கபாலி கோயிலுக்கு மேற்கேயும் ஒரு வாசல் உண்டு, இறங்கினால் குளம். இருவரும் அங்கே வந்து நின்றார்கள். கோபுரத்தடியில் புருஷன் நிற்க, மனைவி சாமியை ஒரு சுற்றுச் சுற்றி இந்தப் பக்கம் வெளியேறுவது பெரிய வித்தையல்ல. இதுவரைக்கும் முருகையனே கண்டுபிடித்துவிட்டான். மேற்கொண்டும் கண்டுபிடித்தான்.

“பையில இன்னொரு ஜோடி வெச்சிருப்பாங்க பாய். வெளிய வந்து மாட்டிக்கினு, நடையக் கட்டிட்டாங்க.”

“பையில வேற என்ன இருந்ததுன்னு சொன்னார்?”

“தேங்கா, பூ, பழம்.”

“அதே பையில செருப்பா?”

முருகையன் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். திருநெல்வேலிப் பெண்பிள்ளை புருஷனை வேண்டுமானால் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவாள். சாமி தேங்காயோடு செருப்பை ஒரே பையில் வைக்கமாட்டாள்.

“அப்ப வெறுங்கால்லயா போனாங்க?” பரீட்சை பார்ப்பதற்காக அவன் தன் செருப்பைக் கழற்றி ஒரு காலைத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். அப்புறம் குளக்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எந்தப் புராணத்திலும் இல்லாத ஒரு தாண்டவம் ஆடினான். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ரசித்தார்கள்.

“பாய், பத்து அடி நடக்க முடியாது. பினாங்குல மணிச்செருப்பு போட்ட காலு நாலு அடி கூடத் தாங்காது. பறந்துதான் போயிருக்கணும்.”

ஷரஃபுதீன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புழுதி அடங்குவதற்காக கார்ப்பரேஷன் தண்ணீர் வண்டி ஒன்று வடக்கு மாடவீதிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒற்றை மாடு, இரும்புத் தொட்டி, பின்னால் ஓட்டைக் குழாய். அது தெளித்துப் போன ஈரப் பட்டையின் மேலேயே, வண்டிக்குச் சரியாகப் பத்தடி பின்னால், ஒரு சொறிநாய் நடந்து போய்க்கொண்டிருந்தது. வண்டி நின்றால் நாயும் நின்றது. வண்டி நகர்ந்தால் நாயும் நகர்ந்தது. ஒதுங்கி வெயிலில் கால் வைக்கவே இல்லை.

“நாய்க்குத் தெரிஞ்சிருக்கு, முருகையா.”

“எனக்குந்தான் தெரிஞ்சிது. நாய் மொதல்ல சொல்லிட்ச்சு” என்றபடி முருகையன் ஓடினான்.

வண்டிக்காரர் தணிகாசலம் யாரையும் தேடி வந்து புகார் சொல்லக்கூடிய மனிதர். இவர்களே தேடி வந்ததில் அவருக்குப் பரம திருப்தி. மாட்டுக்குப் புல் சரியில்லை என்பதில் ஆரம்பித்து, குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பது வழியாக, மத்தியானம் அடித்த முதல் நடையில் நடந்ததற்கு வந்து சேர்ந்தார்.

“ஆமா நைனா, ஒரு அம்மா. நல்ல பட்டுப் பொடவ. வண்டி பின்னாலயே ஈரத்துல வந்துக்கினு இருந்துச்சு. இன்னாம்மான்னா, மாட்ட மெதுவா வுடுப்பான்னுது. எம்மாட்ட மெதுவா வுடச் சொன்ன மொத ஆளு அதான். குழாயடி மொனையில வண்டித் தண்ணி தீந்துபூட்ச்சு. அப்பால இன்னா பண்ணும்? பொடவயத் தூக்கிப் புடிச்சிக்கினு, அடுப்பு மேல குதிக்கிற மாதிரி குதிச்சிக்கினே அந்தச் சந்துல பூந்துட்ச்சு.”

அவர் கை காட்டிய சந்து, கச்சேரி ரோட்டுக் கரி டிப்போவுக்கு நேர் எதிரே இருந்தது. முருகையன் தினமும் ஜன்னல் கட்டையிலிருந்து பார்க்கிற சந்து. மத்தியானம் அவன் பார்த்திருக்கலாம். மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஷரஃபுதீன் இன்னொன்று கேட்டார். “அவங்களுக்குப் பின்னால வேற யாராவது வந்தாங்களா?”

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “வண்டி ஓட்றவன் முன்னால பாப்பானா, பின்னால பாப்பானா? மாடு குளத்துல எறங்கிட்டா நீயா வந்து தூக்குவ?”

எதற்கு அந்தக் கேள்வி என்று முருகையனுக்குப் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்கிற பழக்கமும் இல்லாததால் கேட்காமல் கூட நடந்தான்.

சந்தில் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து வீடுகள். பெரும்பாலும் தையல் வேலை, பூட்டு வேலை செய்கிற முஸ்லிம் குடும்பங்கள். வாசலுக்கு வாசல் செருப்புகள் கிடந்தன. முருகையன் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நோட்டம் விட்டதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கையில் இருக்கிற செருப்பின் சொந்தக்காரியை, வாசலில் இருக்கிற செருப்பை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

“மடிச்சு வை” என்றார் ஷரஃபுதீன் தாழ்ந்த குரலில். “எதை இந்தச் சந்து பார்க்கக்கூடாதுன்னு அந்தம்மா அங்கே கழட்டிப் போட்டாங்களோ, அதை நீ ஏலம் போடறே.”

முருகையன் அவசரமாகச் செய்தித்தாளைச் சுருட்டினான்.

“புருஷனை ஏமாத்தச் செருப்பை விடலை, முருகையா. அது ஒரு நிமிஷம் இங்கே ஒரு வாசல்ல கிடந்தா, மறு நிமிஷம் அந்த வீட்டுக்கு எந்தச் சீமாட்டி வந்திருக்கான்னு சந்து முழுக்க வந்து விசாரிக்கும். விருந்தாளி வந்ததை ஊருக்குச் சொல்றது செருப்புதானே. சொல்லாத இடத்துல விட்டுட்டு வந்திருக்காங்க. அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு காலைச் சுட்டுக்கிட்டிருக்காங்க.”

சொல்லிக்கொண்டே அவர் நின்றுவிட்டார். புழுக்கத்துக்குப் பயந்து எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. கோணிப் படுதாக்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. அது ஜைதூன் பீ வீடு. திருவல்லிக்கேணிக் கடைகளுக்குத் தொப்பி தைத்துக் கொடுக்கிற விதவை. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமென்று, மழை அடித்தாலும் வாசற்படியை விட்டு நகராதவள். பட்டப்பகலில் அவள் கதவைச் சாத்தி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவள் தொப்பி தைக்கவில்லை.

ஷரஃபுதீன் தட்டினார். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. இரண்டு ஆண்கள் வாசலில் நிற்பதை விட உள்ளே வந்துவிடுவது குறைந்த ஆபத்து என்று ஒரு நொடியில் கணக்குப் போட்ட முகம் ஒன்று, பின்வாங்கி வழி விட்டது.

உள்ளே பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான். நீட்டியிருந்த இரண்டு பாதங்களும் கொப்புளித்து, விளக்கெண்ணெய் பூசியிருந்தன. பட்டுப்புடவை முந்தானையின் மேல், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் யார், யார் அனுப்பினார்கள் என்று அவள் கேட்கவில்லை. முதலில் சொன்னது ஒன்றுதான்.

“சத்தம் போட்டுறாதீங்க. முழிச்சிருவா.”

முருகையன் வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சைக் கூட அடக்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் ஜைதூன் பீதான் சொன்னாள், மெல்லிய குரலில், யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியாகி ஓடியபோது தங்கத்தின் தம்பி குடும்பமும் எங்கோ ஓடிவிட்டது. ஓட இடமில்லாத இரண்டு பெண்கள் இந்தச் சந்தில் அடுத்தடுத்த வீட்டில் மிஞ்சினார்கள். ஒரு அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். பினாங்கிலிருந்து உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி கூட வரவில்லை. மூன்றாவது வருஷம் தங்கத்துக்குக் குழந்தை பிறந்தது. தகப்பன் யார் என்று ஜைதூன் பீ சொல்லவில்லை. ஷரஃபுதீன் கேட்கவில்லை. முருகையன் கேட்க வாயெடுத்தான். ஷரஃபுதீன் அவன் காலை மிதித்தார். சண்டை முடிந்ததும் பினாங்கிலிருந்து கப்பல் டிக்கெட் வந்தது, ஒரு ஆளுக்கு. குழந்தை இங்கே நின்றுவிட்டது. ஓடிப்போனவர்கள் திரும்பாமல், சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடமெல்லாம் செத்துப்போன தங்கையின் மகள் என்று சொல்லிவைத்தாள் ஜைதூன் பீ. அமீனா என்று பேர் வைத்தாள்.

“சண்டைக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்கேன்” என்றாள் தங்கம். “என்னப் பாத்து ஒளிஞ்சிக்கிட்டா. பொறவு கப்பல்ல ஊஞ்சல் உண்டான்னு கேட்டா. உண்டுன்னேன். அப்படியே பேசிக்கிட்டே தூங்கிட்டா. இப்ப எந்திரிக்கணும்னு தெரியும். மனசு வரலை.” பிறகு, ஷரஃபுதீனைப் பார்த்து, “அவருக்குத் தெரிஞ்சா என்னை வச்சிக்கிட மாட்டாரு. சொல்லிறாதீங்க” என்றாள்.

முருகையனுக்கு ஒரு வியாதி உண்டு. கண் கலங்கினால் அவனுக்கு யோசனைகள் வரும்.

“ஏம்மா போவணும்? இங்கியே இருந்துடுங்க. கண்டுபுடிக்க முடியலன்னு நாங்க சொல்லிக்கிறோம். எங்களுக்கு அது புதுசு இல்ல, நல்லாவே சொல்லுவோம். கப்பல் போயிடும்.”

தங்கத்தின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவள் ஜைதூன் பீயைப் பார்த்தாள். ஜைதூன் பீ குழந்தையைப் பார்த்தாள்.

“நீ இங்க தங்கு. நான் வேணாங்கமாட்டேன். ஆனா நாளைக்குக் காலையில இந்தச் சந்து கேக்கும், யாரு இந்தம்மா, எதுக்கு வந்து ஒக்காந்திருக்குன்னு. இருக்கிற நாள் வேற, இந்து முஸ்லிம்னு அடிச்சுக்கிட்டு இன்னும் அடங்காத நாள். ரெண்டு பக்கமும் கேக்கும். மூக்கு ஒண்ணா இருக்கே, கண்ணு ஒண்ணா இருக்கேன்னு பாக்கும். இப்ப இவ என் தங்கச்சி பொண்ணு. அம்மின்னு கூப்பிட இவளுக்கு நான் ஒருத்தி இருக்கேன். நீ தங்கினா இவளுக்கு அம்மா ரெண்டு ஆயிடாது, தங்கம். ஒண்ணும் இல்லாமப் போயிடும்.”

வெளியே யாரோ சுண்டல் கூவிக்கொண்டு போனார்கள். கூவல் தேய்ந்து மறைந்தது. வந்த வெளிச்சம் தங்கத்தின் முகத்தை விட்டு அவசரமில்லாமல் போயிற்று. குழந்தையின் தலைக்குக் கீழே இருந்த முந்தானையை அவள் ஒவ்வொரு விரலாக விடுவித்தாள். அந்த இடத்தில் மடித்த தொப்பித் துணியை வைத்தாள் ஜைதூன் பீ.

“கப்பல் இதே வழியாத்தானே திரும்பும்?” என்றாள் அவள், கொஞ்சம் இறங்கிய குரலில். “அப்ப ஒரு பகல் நிக்கும்ல? வா. கதவச் சாத்தி வெக்கிறேன். வந்துட்டுப் போறதை யாரும் கேக்கமாட்டாங்க. அவ முழிச்சிட்டு இருக்கிற நேரமா வா.”

“வாரேன் அக்கா” என்றாள் தங்கம். எழுந்திருக்கும்போது பாதம் எரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். முருகையன் செய்தித்தாள் சுருளை நீட்டினான். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு, கொப்புளக் காலோடு சந்தைக் கடந்தாள். தெருமுனை தாண்டிய பிறகுதான் செருப்பை வாங்கிக் காலில் மாட்டினாள்.

கோபுர வாசலில் கணேசமூர்த்தி விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மனைவியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காலில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. “கார்ல ஏறு” என்றார், அவ்வளவுதான். அவள் ஏறிக்கொண்டாள்.

“கூட்டத்துல அம்மாவுக்கு வழி தப்பிடுச்சு” என்றார் ஷரஃபுதீன்.

“பட்டணம் அப்படித்தான்.”

முருகையனுக்கு மூச்சு வந்தது. பொய் சுலபமாக இறங்கிவிட்டது. ஆனால் ஷரஃபுதீன் அவரைத் தேர்முட்டிப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“கப்பல் ஏறினதும் வேட்டியை மாத்திக்குங்க. பின்னால செம்மண்ணா இருக்கு.”

கணேசமூர்த்தி குனிந்து பார்க்கவில்லை.

“ஒரே இடத்துல நின்னவர் வேட்டியில சேறு பட வழியில்லை. ஈரத்துல நடக்கிறவர் பூட்ஸ்தான் பின்னால வாரி அடிக்கும். அக்னி நட்சத்திர வெயில்ல இந்த ஊர்லே சேறு இருந்த இடம் ஒண்ணே ஒண்ணு. தண்ணி வண்டித் தடம். அது முடியற இடத்துல ஒரு சந்து. அந்தச் சந்து முனையில நின்னு நிமிர்ந்தா எதிர்ல தெரியறது எங்க போர்டு.”

ஆக, பினாங்கு வரைக்கும் பரவியிருந்த புகழ் தெருவின் குறுக்களவுக்குச் சுருங்கியது. அந்தத் துக்கத்தைக் கொண்டாட முருகையனுக்கு நேரமில்லை. இந்த மனிதர், மனைவியின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, நடுத்தெருவில், அவளுக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறார். அவள் ஒரு கதவுக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து காவல் நின்றிருக்கிறார்.

கணேசமூர்த்தி காரில் இருந்த மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சண்டை முடிஞ்சு வந்தா” என்றார். “வந்த கொஞ்ச நாள்ல, ராத்திரி தூக்கத்துல தாலாட்டுப் பாடினா. எங்களுக்குப் பிள்ளை கெடையாது. முழிச்சே கெடந்தேன். கேக்கலை. கேட்டா பதில் வரும்லா.”

“நீங்களே போய்க் கூப்பிட்டிருக்கலாமே.”

“அந்தக் கதவை நான் தட்டிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும். தெரிஞ்சிட்டா நான் செய்ய வேண்டியதுன்னு ஒண்ணு இருக்கு. எங்க சனம் பாத்துக்கிட்டிருக்கு. தெரியாம இருக்கிற வரைக்கும்தான் பாய், அவ எனக்குப் பொஞ்சாதி.”

அவர் குரல் உடையவில்லை. கணக்குச் சொல்கிற குரலிலேயே சொன்னார். முருகையனுக்குத்தான் தன் மேலேயே கோபம் வந்தது. இவரையா கல் என்று நினைத்தோம்? மூச்சு விடாமல் வெயிலில் நின்று, ஒரு பெண்ணுக்கு ஒரு பகலைக் கொடுத்திருக்கிறார் மனிதர். கொடுத்தது தெரியாமல் கொடுத்திருக்கிறார். அவன் முன்னால் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டான். “ஒன் மனசு யாருக்கு வரும் சார்” என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லவும் செய்தான். அவர் ஏறி உட்கார்ந்தார். இடையில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு, தங்கம் ஜன்னல் ஓரமாக இருந்தாள்.

“ஆலமரம் பாக்க நேரமில்லை, துறைமுகத்துக்கே போயிரலாம்” என்று டிரைவரிடம் சொன்னார் கணேசமூர்த்தி.

தங்கம் வெளியே பார்த்தபடியே, ஆலமரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்.

“திரும்பி வரும்போது கப்பல் இங்க நிக்கும்லா?”

“நிக்கும்” என்றார் அவர். “நாம எறங்க மாட்டோம்.”

கதவைச் சாத்தப் போன முருகையனின் கை அப்படியே நின்றது. தங்கம் திரும்பவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்பது இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் கழுத்தோரம் மட்டும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி அதைக் கவனித்தார்; முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.

“பீச் ரோட்டு வழியா போப்பா. அம்மாவுக்குப் புழுங்குது, காத்து வரட்டும்.”